பாட்டியின் பிறப்புச் சான்றிதழில் ‘எஸ்.எஸ்.’: கப்பலா, ஊரா, ஆட்சிப் பகுதியா?

சிப்புட் பேரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன். சென்ற மாதம் அம்மா வீட்டு அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது, மறைந்த பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. பாட்டி அதைச் ‘சூராட் பெரானாக்’ என்றுதான் சொல்வார். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கோயில் ரசீது ஆகியவற்றோடு சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் பூட்டி வைத்திருந்தார்.

தாளின் தலைப்பில் எஃப்.எம்.எஸ். என்றும் அதன் கீழே பேராக் என்றும் அச்சாகியுள்ளது. ஆண்டு 1937. பிறந்த இடம் என்ற கட்டத்தில் லயத்தின் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) எண், தோட்டத்தின் பெயர், எஸ்டேட் என்பதற்கான ‘எஸ்ட்.’ என்ற சுருக்கம், அதன்பின் எஸ்.எஸ். என்ற இரண்டு எழுத்துகள் உள்ளன. தாயின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் டி, ஓ என்ற இரு சிறிய எழுத்துகளும் ஒரு புள்ளியும் மட்டுமே இருக்கின்றன. தந்தையின் தொழில் ‘லேப்.’ என்று உள்ளது. தாளின் அடியில் மங்கிய முத்திரை ஒன்றில் ‘டி.ஓ., கே.கே.’ என்று படிக்க முடிகிறது. பின்புறம் ஒரு பெருவிரல் ரேகையும், அதன் பக்கத்தில் ‘எல்.டி.பி.’ என்ற எழுத்துகளும் உள்ளன.

பாட்டி கப்பலில் பிறந்தவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அறிந்த கதை. நீராவிக் கப்பல்களின் பெயருக்கு முன்னால் எஸ்.எஸ். என்று எழுதுவார்கள் என்பதால், இந்தத் தாள் அந்தக் கதையை உறுதிப்படுத்துகிறது என்று அம்மா மகிழ்ச்சியில் இருக்கிறார். எனக்கு மட்டும் ஏதோ இடிக்கிறது. கப்பலில் லயம் ஏது?

ஏடு பார்ப்பவர் எழுதியது:

இது கப்பல் அன்று, தம்பி. அக்காலத்து ஆவணங்களில் எஸ்.எஸ். என்றால் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த நீரிணைக் குடியேற்றப் பகுதி. உங்கள் பாட்டி பினாங்கில் இறங்கிய உடனே பிறந்திருக்கலாம். பதிவு மட்டும் பிறகு பேராக்கில் நடந்திருக்கலாம். ராஜுலா போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆள்களை ஏற்றிக்கொண்டு முதலில் பினாங்குக்குத்தான் வந்தன.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

மேலே எழுதியவர் சொன்ன விரிவு சரியானது. அதை இந்தத் தாளில் பொருத்திய விதம்தான் சரியில்லை. என் தாத்தாவின் சான்றிதழில் ‘பி.டபிள்யூ., எஸ்.எஸ்.’ என்று இருக்கிறது. அது புரோவின்ஸ் வெல்லெஸ்லி, ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ். இன்றைய செபராங் பிறை. அந்தத் தாளின் தலைப்பிலும் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்றே அச்சாகியிருக்கிறது. தலைப்பில் எஃப்.எம்.எஸ்., அதாவது ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ், என்று அச்சான தாள், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்களுக்கு உரியது. ஒரு மாநிலத்தின் பதிவேடு அந்த மாநிலத்துக்குள் நடந்த பிறப்பைப் பதிவதற்காக இருப்பது. பினாங்கில் பிறந்த குழந்தையைப் பேராக் ஏட்டில் எழுதுவதற்கு இடமில்லை.

பேராக்கில் எஸ்.எஸ். வரவே வராது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. லுமுட், பங்கோர் அடங்கிய டிண்டிங்ஸ் பகுதி பல ஆண்டுகள் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஆட்சியின் கீழ் இருந்து, 1935ஆம் ஆண்டில்தான் பேராக்கிடம் திரும்பியது. 1930இல் லுமுட்டில் பிறந்த அண்ணனின் தாளில் எஸ்.எஸ். என்றும், 1936இல் அதே வீட்டில் பிறந்த தங்கையின் தாளில் எஃப்.எம்.எஸ். என்றும் இருந்தால், குடும்பம் இடம் மாறியது என்று எண்ணிவிடக் கூடாது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைதான் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனால் உங்கள் பாட்டி பிறந்தது 1937இல். சுங்கை சிப்புட் டிண்டிங்ஸில் இருந்ததும் இல்லை.

பழைய கிராணி எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் முப்பத்தோரு ஆண்டுகள் பேராக்கில் பல தோட்டங்களின் ஆபீஸில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறப்பு, இறப்புத் தாள்களை என் கையால் நிரப்பியும் இருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்த கிராணிமார்கள் நிரப்பியதைத் தலையைச் சொறிந்துகொண்டு படித்தும் இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கெழுத்தைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு பொருள் தேடினால் அகப்படாது. அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது, அந்தக் கட்டத்தை யார் நிரப்பினார்கள், அதே கை அதே தாளில் வேறு எங்கே அந்த எழுத்தைப் பயன்படுத்தியது என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். உங்கள் தாளே அதற்கு நல்ல சான்று. ஏனென்றால் டி, ஓ என்ற இரண்டு எழுத்துகள் அதில் இரண்டு இடங்களில் வருகின்றன. தேடினால் மூன்றாவது இடமும் அகப்படும் என்று நினைக்கிறேன்.

தாயின் முகவரிக் கட்டத்தில் உள்ள சிறிய எழுத்து ‘டிட்டோ’ என்பதன் சுருக்கம். மேலே சொன்னதே இங்கும் என்று பொருள். நம்முடைய பழைய கணக்கேடுகளில் மேற்படி என்பதை ௸ என்ற ஒரே குறியால் எழுதுவோமே, அதே வேலைதான். முத்திரையில் புள்ளிகளோடு உள்ள பெரிய எழுத்து டிஸ்டிரிக்ட் ஆபீசர், அதாவது மாவட்ட அதிகாரி. உடன் உள்ள கே.கே. என்பதைக் கோத்தா கினபாலு என்று யாரும் உங்களிடம் சொல்லிவிடப் போகிறார்கள். அந்த ஊருக்கு 1960களின் பிற்பகுதி வரை ஜெசல்டன் என்றுதான் பெயர். சுங்கை சிப்புட் அடங்கிய மாவட்டம் கோலகங்சார், முத்திரை அங்கே போட்டது. மூன்றாவதாக, பாட்டியின் பெயருக்கும் அவருடைய தந்தையின் பெயருக்கும் இடையில் பாருங்கள். அங்கே சாய்கோட்டோடு டி/ஓ என்று இருந்தால் அது ‘டாட்டர் ஆஃப்’, இன்னாரின் மகள். பிற்காலத்தில் மலாய் மொழிக்கு மாறியபோது அதுவே ஏ/பி ஆயிற்று; ஆண்களுக்கு எஸ்/ஓ என்பது ஏ/எல் ஆயிற்று.

‘லேப்.’ என்றால் லேபரர், தொழிலாளி. உங்கள் கொள்ளுத்தாத்தாவை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவராக ஆக்கிவிடாதீர்கள். என் பேத்தி பள்ளிப் பாடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தபோது அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள். எல்.டி.பி. என்பது இடது பெருவிரல் ரேகை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் ரேகை வைத்தால், எந்தக் கை என்று பக்கத்தில் எழுதுவது ஆபீஸ் வழக்கம். வலது கையாக இருந்தால் ஆர்.டி.பி. என்று எழுதுவோம்.

இப்போது எஸ்.எஸ். பற்றி. தாளில் பதிவு செய்த இடம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். என் ஊகத்தை அதற்குப் பிறகு சொல்கிறேன்.

சிப்புட் பேரன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெயருக்கு இடையில் சாய்கோட்டோடு டி/ஓ இருக்கிறது, நீங்கள் சொன்னபடியே. பதிவு செய்த இடத்தில் ‘பி.எஸ்., எஸ்.எஸ்.’ என்று உள்ளது. பிறந்த இடத்தில் உள்ள அதே சுழித்த எழுத்துதான். இரண்டும் ஒரே பேனா, ஒரே மை.

பழைய கிராணி எழுதியது:

அப்படியானால் முடிந்தது. பி.எஸ். என்பது போலீஸ் ஸ்டேஷன். நாட்டுப்புறங்களில் பிறப்பும் இறப்பும் நெடுங்காலம் போலீஸ் நிலையங்களில்தான் பதிவாயின. தோட்டத்திலிருந்து ஆள் சைக்கிளில் போய் எழுதிவிட்டு வருவார். கப்பலில் போலீஸ் நிலையம் இருக்காது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்பது ஒரு பெரிய ஆட்சிப் பகுதி. அதை ஒரு போலீஸ் நிலையத்தின் ஊர்ப் பெயராக எழுத மாட்டார்கள். அந்த நிலையத்தில் உட்கார்ந்து எழுதியவருக்குத் தம் ஊர்ப் பெயரை முழுதாக எழுதிச் சலித்திருக்கும். எஸ்.எஸ். என்பது சுங்கை சிப்புட்.

நம் ஊர்ப் பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பேராக்கிலேயே இரண்டு சுங்கை சிப்புட் உள்ளன. அதனால் நம் ஊர் முகவரியில் இன்றும் அடைப்புக்குறிக்குள் ‘யூ’ என்று போடுகிறோம். அது உத்தாரா, வடக்கு. ஆங்கிலக் காலத்துத் தாள்களில் அதே இடத்தில் ‘என்’ என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊர். ஆனால் ‘எஸ்’ என்று இருந்தால் அது தெற்கே உள்ள மற்றோர் ஊர். மலாயில் செலாத்தான் என்றாலும் ஆங்கிலத்தில் சவுத் என்றாலும் முதலெழுத்து ஒன்றாகவே அமைந்துவிட்டது.

ஏடு பார்ப்பவர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். தலைப்பைப் படித்தும் நான் அவசரப்பட்டேன். இருந்தாலும் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். இது போன்ற தாள்களை இணையத்தில் படியெடுத்துத் தருபவர்கள், சுருக்கத்தை விரித்து எழுதிவிட்டு மூலத்தை விட்டுவிடுகிறார்கள். நான் இன்று செய்ததைப் போல எஸ்.எஸ். என்பதை ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று விரித்து ஒரு தரவுத்தளத்தில் போட்டிருந்தால், உங்கள் பாட்டியின் பேரப்பிள்ளைகள் இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பினாங்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். எழுத்தை உள்ளபடியே எழுதி, விரிவைப் பக்கத்தில் ஊகம் என்ற குறிப்போடு தருவதே நேர்மையான முறை. ‘பிடி.’ என்ற சுருக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: இடப்பெயருக்கு முன்னால் வந்தால் ‘புக்கிட்’ (குன்று) அல்லது ‘பத்து’ (கல்) என்ற மலாய்ச் சொல்லாக இருக்கும், ஒரு முஸ்லிம் பெண்ணின் பெயருக்குள் வந்தால் அது பிந்தி, இன்னாரின் மகள்.

ஒரு பேத்தி எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவின் தாளில் ‘ஜி.எச்.’ என்று பிறந்த இடம் உள்ளது. ஜெனரல் ஹாஸ்பிட்டல் என்று எண்ணி ஈப்போ மருத்துவமனையில் பிறந்ததாக எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் அவருடைய தோட்டம் ஈப்போவிலிருந்து வெகுதூரம். மேலும் ஒன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. தந்தையின் கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே உள்ளது. இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பழைய கிராணி எழுதியது:

அம்மா, முதல் கேள்விக்கு விடை எளிது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சேர்ந்து ஒரே மருத்துவமனையை நடத்திய காலம் அது. அதற்குக் குரூப் ஹாஸ்பிட்டல் என்று பெயர். அதுவும் ஜி.எச். தான். ஈப்போ என்ற பெயர் தாளில் வேறு எங்கும் இல்லையென்றால், டிரெஸ்ஸர் இருந்த அந்தத் தோட்ட மருத்துவமனையையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். ‘எச்.ஏ.’ என்று ஒரு கையொப்பம் இருந்தால் அது ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்ட், நம் ஆள்கள் டிரெஸ்ஸர் என்று அழைத்த அதே மனிதர்.

இரண்டாவது கேள்வியில் நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. தோட்டத்துக் கோயிலில் பெரியவர்கள் முன்னிலையில் தாலி கட்டியவர்களின் திருமணம் அரசு ஏட்டில் பதிவாகாமலே இருந்தது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் பதிவுக்குப் போனவர் கையில் திருமணத் தாள் இல்லை என்றால், தந்தையின் பெயரை எழுதத் தயங்கிய எழுத்தர்கள் இருந்தார்கள். அன்றைக்குத் தந்தை ரப்பர் பால் வெட்டப் போயிருக்க, பாட்டியோ மருத்துவச்சியோ மட்டும் போயிருக்கவும் கூடும். அந்தக் கோடு ஒரு காலைப் பொழுதில் மேசைக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பதை மட்டுமே காட்டுகிறது. செக்ரோல் ஏடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு, எங்காவது எஞ்சியிருந்தால், அதே லயத்தில் யார் பெயர் போட்டார்கள் என்று பாருங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

செக்ரோல் எஞ்சியிருப்பதே அரிது, ஐயா. 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்பது, நடந்தபோது, ஆபீஸ் ஏடுகளோடு தோட்டத்தின் பெயரே மறைந்துபோன இடங்கள் பல. அந்தத் துண்டாடலை எதிர்கொள்ளத்தானே அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஆகவே, சான்றிதழில் உள்ள தோட்டப் பெயரை இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றவுடன் அது தவறு என்று முடிவு செய்யாதீர்கள். துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் மக்கள் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று என்று இருந்ததும் உண்டு.

சுங்கைப் பட்டாணி மருமகன் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் வீட்டுக் கதை எழுத்தில் இல்லை, எண்ணில் உள்ளது. என் மாமியாரின் அண்ணன் பிறந்த ஆண்டு 1355 என்றும், மாமியார் பிறந்த ஆண்டு 2603 என்றும் தாள்களில் இருக்கின்றன. அண்ணனுக்கும் தங்கைக்கும் 1,248 ஆண்டு இடைவெளி! மாமியார் அதைச் சொல்லிச் சிரிப்பார்; ஆனால் காரணம் யாருக்கும் தெரியவில்லை.

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

உங்கள் சுங்கைப் பட்டாணி இருக்கும் கெடாவில் அரசுச் சட்டங்கள்கூட இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டிலேயே எண்ணிடப்பட்டன. அதைக் குறிக்கும் ‘ஏ.எச்.’ என்ற எழுத்துகள் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹிஜ்ரி 1355 என்பது 1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்களே என்பதால், ஒரே எண்ணைக் கழித்து எல்லா ஆண்டையும் கண்டுபிடிக்க முடியாது. அட்டவணை பார்த்தே ஆக வேண்டும். 2603 ஜப்பானியர் ஆட்சிக் காலத்துக் கணக்கு. அவர்கள் தங்கள் பேரரசு தொடங்கியதாகக் கொண்ட ஆண்டிலிருந்து எண்ணியதால், 660ஐக் கழித்தால் 1943 வரும். அதே ஆட்சியின் வேறு தாள்களில் மன்னரின் ஆட்சியாண்டு வரும். 18 என்று இருந்தாலும் அது 1943தான். அந்த ஆண்டு அக்டோபரில் கெடா சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குப் பின்னைய தாள் ஏதேனும் கிடைத்து, அதில் 2486 போன்ற ஆண்டு இருந்தால், அது புத்த ஆண்டாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்; அதற்குக் கழிக்க வேண்டியது 543.

ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும் இடைவெளி ஆறு அல்லது ஏழு ஆண்டுகள்தான்.

சிப்புட் பேரன் எழுதியது:

ஆண்டுக் கணக்கு பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்க்கிறேன். அதே பிஸ்கட் டின்னில் கொள்ளுத்தாத்தாவின் கங்காணி எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஒரு துண்டுத் தாள் உள்ளது. அதில் ‘ஈஸ்வர ௵ ஆவணி ௴ ௨௰ ௳’ என்று எழுதியிருக்கிறது. சான்றிதழில் செப்டம்பர் 5, செப்டம்பர் 18 என இரண்டு தேதிகள் உள்ளன. பாட்டியின் அடையாள அட்டையில் 18 என்றே இருந்தது. நாங்களும் அந்த நாளில்தான் அவருடைய பிறந்த நாளைக் கொண்டாடினோம்.

பழைய கிராணி எழுதியது:

௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௨௰ இருபது. பிரபவ முதல் எண்ணினால் ஈஸ்வர பதினோராவது; 1937 சித்திரையில் தொடங்கியது. ஆவணி முதல் நாள் ஆகஸ்ட் நடுவில் வருவதால், ஆவணி இருபது செப்டம்பர் முதல் வாரத்தில் விழும். எனவே பாட்டி பிறந்தது 5ஆம் தேதி. 18 என்பது போலீஸ் நிலையத்தில் பதிவு செய்த நாள். அடையாள அட்டை 1948இல் அவசரகாலத்தின்போது அறிமுகமானது. அதற்காக வரிசையில் நின்ற மக்களிடம் தாளை வாங்கி, கண்ணில் முதலில் பட்ட தேதியை எழுதிய எழுத்தர்களால் இப்படிப் பிறந்த நாள் மாறியவர்கள் தோட்டத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். கங்காணியை நாம் பலவற்றுக்காகத் திட்டலாம். ஆனால் அந்த மனிதர் நாள் குறித்ததில் தவறவில்லை.

ஏடு பார்ப்பவர் எழுதியது:

கப்பல் கதை என்ன ஆயிற்று? தாள் அதை மறுத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?

சிப்புட் பேரன் எழுதியது:

சொன்னேன், அம்மா இரண்டு நாள்கள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து லிந்தாங்கில் இருக்கும் சின்னப் பாட்டியைப் பார்க்கப் போனோம். அவர் பாட்டியின் தங்கை, வயது எண்பத்து மூன்று. செய்தியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: “கப்பல்ல பொறந்தான்னு யாரு சொன்னா? கப்பல விட்டு எறங்குன வருசம் பொறந்தவன்னு எங்கம்மா சொல்லும். அதுக்கு அடுத்த வருசம் கப்பலயே நிறுத்திட்டாங்க, அதனால அந்த வருசத்த எல்லாரும் ஞாபகம் வச்சிருந்தாங்க.”

பட்டர்வொர்த் ஆசிரியை எழுதியது:

சின்னப் பாட்டி சொன்ன கணக்கு மிகச் சரியாக இருக்கிறது. பயணச் செலவைக் கொடுத்துத் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. கப்பல் போக்குவரத்து நிற்கவில்லை. ஆனால் தோட்டத்து மக்களுக்கு ஆள் வருவது நின்றதும் கப்பல் நின்றதும் ஒன்றாகவே பட்டிருக்கும். அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே எழுதி, நாள் குறித்து, சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

சிப்புட் பேரன் எழுதியது:

எழுதிவிட்டேன், டீச்சர். துண்டுத் தாளின் முறையையே பின்பற்றி ௵, ௴, ௳ போட்டேன். அம்மா அதன் கீழே தம் பங்குக்கு ஒரு கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் சாய்கோட்டோடு டி/ஓ என்று எழுதிப் பாட்டியின் பெயரைச் சேர்த்தார். அந்த இடத்தில் தந்தையின் பெயர்தான் வர வேண்டும் என்றேன். தம் தாளில் தம் விருப்பம் என்று சொல்லிவிட்டார்.